பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: எது முதலில், எது அப்புறம்

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: "எப்ப நடப்பாங்க?" அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிடுங்கள். விழுங்குதல், தோல், தோள், உட்காருதல், எழுந்து நிற்றல், இவற்றுக்குப் பிறகுதான் நடை. அவசரப்பட்டு இந்த வரிசையைக் கலைத்தால் நிமோனியா, படுக்கைப்புண், தோள்வலி என்று புதுத் தொல்லை வந்து சேரும். நடை இன்னும் தள்ளிப் போகும்.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் மாமனாரைப் பார்த்துக்கொண்டவள். அதன்பின் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் கூப்பிடுவார்கள், போய்க் கூட நிற்பேன். உங்கள் டாக்டரோ பிசியோவோ இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள். அவர் ஆளைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

1. டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதல் கேள்வி: மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்துக் கசிந்ததா? பெரும்பாலோருக்கு அடைப்புதான். அடைப்பு என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் தொடரும். கசிவு என்றால் அதே மாத்திரை ஆபத்தாக முடியலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஸ்ட்ரோக்தானே, அவர் சாப்பிடுவதையே வாங்கலாம் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இது முதல் கேள்வி.

இரண்டாவது: வாய் வழியாக என்ன கொடுக்கலாம், எந்தப் பதத்தில்? விழுங்கும் சோதனை செய்தார்களா? மூன்றாவது: பி.பி. எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு வரவேண்டும்? இதை எண்ணாகவே எழுதி வாங்குங்கள்.

நான்காவது, பலரும் விட்டுவிடுவது. வார்டில் பிசியோ அவரைப் புரட்டுவதையும் உட்கார வைப்பதையும் வேடிக்கை பார்க்காமல், உங்கள் கையால் ஒருமுறை செய்து காட்டித் திருத்தம் வாங்குங்கள். கூட செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற கூட்டமான ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களிடம் நிற்கும் நேரம் குறைவு. கேள்விகளை ஒரே தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தால் அந்த நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

2. வீட்டைத் தயார் செய்தல்

இதை ஆள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பாதம் தொங்கினால் உடம்பு முன்னால் சரியும். கட்டில் ரொம்பத் தாழ்வாக இருந்தாலோ எழுப்பவே முடியாது. நல்ல பக்கம் வழியாக இறங்குகிற மாதிரி கட்டிலைப் போடுங்கள், அந்தப் பக்கத்துக் கால்தான் தாங்கும்.

கீழே உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால் கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கியே ஆகவேண்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி, தரையில் வழுக்காத விரிப்பு. வாசலிலும் பின்கட்டிலும் மிதியடியை எடுத்துவிடுங்கள். இழுத்து நடக்கும் கால் முதலில் மாட்டுவது அதில்தான்.

படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் மோட்டார் கரண்டில் ஓடுவது. 2011இல் தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் போனால் படுக்கை சப்பையாகிவிடும், அடியில் பலகைதான் மிஞ்சும். அதனால் சாதாரண மெத்தை ஒன்றும் கைவசம் இருக்கட்டும். ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.

3. முதல் வேலை விழுங்குதல்

முகம் கோணியவருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். அப்போது சாப்பாடோ எச்சிலோ மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். பக்கவாதத்துக்குப் பிறகு உயிருக்கே ஆபத்தாகும் விஷயங்களில் இது முக்கியமானது. சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே இறங்கிவிடும். எனவே "இருமலையே, நல்லாத்தான் முழுங்குறார்" என்பது போதாது.

சாப்பிட்டபின் குரல் கரகரவென ஈரமாகக் கேட்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சாயங்காலமானால் காய்ச்சல் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் வாய் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரே கடினம், வேகமாக வழுக்கிப் போய்விடும். ரசம் சோறு அதைவிட மோசம். வாயில் சோறு நிற்கும், ரசம் தனியாக ஓடும். எளிதாக இறங்கும் என்று எல்லோரும் முதலில் கொடுப்பதும் அதைத்தான். புட்டு, பொரி, முறுக்கு உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். மீனில் முள் இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

ஒரே பதமாக, ஸ்பூனிலிருந்து மெல்ல விழுகிற மாதிரி இருப்பவை பெரும்பாலோருக்குச் சரிப்படும்: கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி, குழைய வடித்து மசித்த பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம், கெட்டித் தயிர். தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்று சொல்லியிருந்தால் அதற்கென்றே மெடிக்கல் ஷாப்பில் பொடி கிடைக்கும். எவ்வளவு கலப்பது என்று அப்படிச் சொன்னவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முறை: நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்துக்கொண்டு கூடவே கூடாது. சின்ன ஸ்பூன். வாயின் நல்ல பக்கம் வையுங்கள். ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். முடிந்ததும் தளர்ந்த பக்கக் கன்னத்துக்குள் விரலில் ஈரத்துணி சுற்றித் துடைத்தெடுங்கள். ஒருமுறை பார்த்தாலே தெரியும், அங்கே அரை வாய்ச் சோறு அடைத்துக்கொண்டிருக்கும். அப்படியே படுக்க வைத்தால் தூக்கத்தில் அது உள்ளே போகும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தினம் இருவேளை பல், நாக்கு சுத்தம் செய்வதும் நிமோனியாவைத் தடுக்கும் வேலைதான்.

மூக்கு டியூப் போட்டிருந்தால் "ஒரு வாய் காபி மட்டும்" என்ற சலுகையே கிடையாது. டியூபில் ஊற்றும்போதும் தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும்.

4. படுக்கையும் தோளும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். இடுப்புக்குக் கீழே நடுவில், குதிகால், இடுப்பெலும்பு, இந்த இடங்களைத் தினம் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் நிறம் மாறியிருந்தால் விரலால் அழுத்துங்கள். அழுத்தியும் நிறம் வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எடை விழாமல் வைத்து அன்றைக்கே நர்ஸிடம் காட்டுங்கள். அங்கே தேய்க்கவோ பவுடர் கொட்டவோ வேண்டாம்.

தோளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. தளர்ந்த பக்கத் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசை இல்லை, கையின் எடையே அதைக் கீழே இழுத்துவிடும். அந்த நிலையில் யாராவது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் தோள் விலகும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், வலிக்குப் பயந்தே பயிற்சிக்கு மறுப்பார். பார்க்க வருகிற உறவினர்கள் ஆசையாகச் செய்வது சரியாக இதையேதான்: "வாங்க மாமா, எழுந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு தாளில் "இந்தக் கையை இழுக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். யாருக்கும் மனவருத்தம் வராது.

உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை மடியில் தலையணைமேல் இருக்கட்டும். நல்ல பக்கமாகப் படுத்தால் தளர்ந்த கைக்கு முன்னால் ஒரு தலையணை. தளர்ந்த பக்கமாகவும் படுக்கலாம், தோளை அடியில் மாட்டவிடாமல் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட வேண்டும். சட்டை போடும்போது முதலில் தளர்ந்த கை, கழற்றும்போது கடைசியில் தளர்ந்த கை. இதை மாற்றிச் செய்தால் தோளைத் திருக வேண்டியிருக்கும்.

5. உட்காருதல், எழுதல், இடம் மாறுதல்

உட்காருவதும் பயிற்சிதான். சாய்மானம் இல்லாமல் கட்டில் விளிம்பில் சற்று நேரம் நிலையாக உட்கார முடிகிறவரை நிற்க வைக்காதீர்கள். படுத்தே இருந்தவரைச் சட்டென்று நிமிர்த்தினால் தலை சுற்றும். கொஞ்சம் கொஞ்சமாகத் தலைமாட்டை உயர்த்துங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற: நாற்காலியை நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டாயிற்றா என்று பாருங்கள். அவரை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்துத் தரையில் பதியுங்கள். உங்கள் முட்டியால் அவருடைய தளர்ந்த முட்டிக்கு அண்டை கொடுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். "முன்னால குனிங்க" என்று சொல்லுங்கள். மூக்கு கால்விரலைத் தாண்டிக் குனிந்தால்தான் பின்புறம் தானாகக் கிளம்பும். நிமிர்ந்தபடியே தூக்கப் பார்த்தால் உங்கள் முதுகு போய்விடும், அவரும் பின்னால் சாய்வார்.

6. நடை

நிலையாக நிற்க வந்த பிறகு தொடங்குங்கள், முதல் சில நாள் பிசியோ பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் நிற்க வேண்டியது தளர்ந்த பக்கம். ஊன்றுகோல் நல்ல கையில். கோல், தளர்ந்த கால், நல்ல கால் என்ற வரிசை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில்.

ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளது போடுங்கள். முன்பாதம் தொங்கி விரல் தரையில் தட்டினால் அதைத் தூக்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக் பட்டை உண்டு. பிசியோ அளவெடுத்துச் சொல்வார். முட்டி பின்பக்கமாக வளைகிறது என்றால் தூரத்தைக் குறைத்து, முதலில் முட்டியைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். தவறான நடை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் பயிற்சி என்பதைவிடச் சின்னச் சின்னதாக நாலைந்து முறை நல்லது. மூளை அடிபட்டவருக்கு வரும் களைப்பு சோம்பேறித்தனம் இல்லை. குளித்துவிட்டு வந்தாலே அரை நாள் அசந்து கிடப்பார். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம்வரை நன்றாகத் தெரியும். அதன்பிறகு வேகம் குறையுமே தவிர, கதவு சாத்திவிடாது. "ஆறு மாசம் ஆச்சு, இனி அவ்வளவுதான்" என்று பயிற்சியை நிறுத்துவதில் நியாயமே இல்லை.

7. கை, எண்ணெய், புறா

கை பெரும்பாலும் காலைவிடத் தாமதமாகத்தான் வரும். விரல் ஏற்கெனவே உள்ளே மடங்கி இறுகுகிறது என்றால் ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லிக் கொடுக்காதீர்கள், இறுக்கம் கூடலாம். விரலை விரிக்கும் பயிற்சியைப் பிசியோவிடம் கேளுங்கள்.

புறா ரத்தம் தடவச் சொல்வார்கள், யாராவது கொண்டுவந்தே கொடுப்பார்கள். அதனால் பயன் இல்லை. கோளாறு மூளையில், தோலில் எதைத் தடவினாலும் அங்கே போகாது. மெல்லத் தேங்காயெண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை, மனசுக்கும் இதம். ஆனால் வெந்நீர் ஒத்தடமும் சூடான எண்ணெயும் கூடாது. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாட்டு மருந்துக்காக பி.பி. மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் கெட்டது.

8. பேச்சு

வலது கை, கால் விழுந்தவருக்குப் பேச்சும் போயிருக்க வாய்ப்பு அதிகம், மொழிக்கான இடம் பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாதியில் இருப்பதால். சொல் வரவில்லையே தவிர, அறிவு போகவில்லை. சத்தமாகப் பேசாதீர்கள், காது நன்றாகத்தான் இருக்கிறது.

"என்ன வேணும்?" என்று கேட்டால் திணறுவார். "காபியா, கஞ்சியா?" என்று இரண்டைக் கையில் காட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் புதியவர்களுக்கு மிகக் கஷ்டமான பயிற்சி. முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பேச்சே வராதவருக்கும் எண்ணிக்கை, கிழமைகள், சின்ன வயதில் படித்த தேவாரம், பழைய சினிமாப் பாட்டு தடையில்லாமல் வரலாம். தினம் கொஞ்ச நேரம் சேர்ந்து பாடுங்கள். என் மாமனாருக்கு முதலில் திரும்பி வந்தது பேச்சு இல்லை, ஒரு கெட்ட வார்த்தை. அதுவும் சகஜம்தான், நர்ஸ்களுக்குத் தெரியும்.

இடது பக்கம் விழுந்தவருக்கு வேறு சிக்கல் வரலாம். இடப்பக்க உலகத்தையே கவனிக்க மாட்டார். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். கண்ணில் கோளாறு இல்லாதவருக்கும் இது வரும். தட்டைத் திருப்பி வையுங்கள், இடப்பக்கம் உட்கார்ந்து பேசி, தலையை அங்கே திருப்பப் பழக்குங்கள்.

9. மனசு

சம்பந்தமே இல்லாமல் அழுவார். சாவு வீட்டுச் செய்தி கேட்டுச் சிரிப்பார். இது இரண்டு விதமாக இருக்கலாம், பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒன்று, அழுகையை அடக்கும் பிடி மூளையில் தளர்ந்துபோனது. டக்கென்று வரும், ஓரிரு நிமிடத்தில் நிற்கும், "ஏன் அழுறீங்க?" என்றால் அவருக்கே தெரியாது. இதற்குத் தேற்றப் போய்க் கட்டிப்பிடித்துக் கூடவே அழுதால் நீளும். ஒன்றும் நடக்காததுபோலப் பேச்சை மாற்றுங்கள், ஜன்னலைத் திறங்கள். அடிக்கடி வந்தால் மருந்து உண்டு.

மற்றது உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வருவது. சாப்பாடு, தூக்கம் குறையும். பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மாறாது. பயிற்சிக்கு வரமாட்டார், "என்னை எதுக்குக் காப்பாத்தினீங்க" என்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், மாத்திரையிலும் பேச்சிலும் தேறக்கூடியது. வீட்டில் இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அதட்டுவதால்தான் பயிற்சி மாதக்கணக்கில் வீணாகிறது. டெலி மனாஸ் என்ற அரசு இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்று சொன்னால் அதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல், தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாவைப் பூட்டி வையுங்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வெட்கம் ஒரு பெரிய விஷயம். அதிகாரமாக வீட்டை நடத்தியவருக்கு மருமகள் வேட்டி மாற்றிவிடுவது எப்படி இருக்கும்? கழுவிவிடும் வேலைக்கு மகனையோ ஓர் ஆண் உதவியாளரையோ வைக்க முடிந்தால் அவருடைய கோபத்தில் பாதி குறையும். முடியாவிட்டால் கதவைச் சாத்துங்கள், போர்வையால் மூடியபடியே செய்யுங்கள், செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள்: "மாமா, இப்ப துணி மாத்தப்போறேன்." எல்லார் எதிரிலும் "இன்னைக்குப் படுக்கையிலேயே போய்ட்டார்" என்று பேசாதீர்கள். அவர் காதில் விழும்.

பார்க்க வருகிறவர்களுக்கு விதி வையுங்கள். "என்னைத் தெரியுதா? யாரு சொல்லுங்க?" என்று பரீட்சை வைப்பார்கள். பேர் வாயில் வராமல் அவர் தவிப்பார், வந்தவர் "ஐயோ, நினைவு போச்சே" என்று உச்சுக்கொட்டுவார். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: நீங்களே பேரைச் சொல்லி ஆரம்பியுங்கள், பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள். பால் கணக்கு, எந்தக் காய் வாங்குவது, சாயங்காலம் பாடலீசுவரர் கோயிலா சில்வர் பீச்சா, எதுவானாலும் அவரைக் கேளுங்கள். ஒரு கையால் பட்டாணி உரிக்கத் தந்தால் சிந்தட்டும், கூட்டிக்கொள்ளலாம்.

கணவன் மனைவி உறவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பி.பி. கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்குத் தடை இல்லை. டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

10. இரண்டாவது முறை வராமல்

மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, பல் பிடுங்குவதற்காகக்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பி.பி.யை நல்ல கையில், ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார வைத்த பிறகு பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் அந்தக் கணக்கை ஒரே வேளையில் முடித்துவிடும். கடலோரத்து ஆளிடம் கருவாட்டை நிறுத்து என்று சொல்வது லேசில்லை, எனக்குத் தெரியும். பீடி, சாராயம், புகையிலை பற்றி விளக்கத் தேவையில்லை.

திடீரென்று முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், டாக்டர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான். வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ போடாதீர்கள். கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

11. எங்கே போய்க் கேட்பது

கடலூர் மாவட்ட முகவரி என்றால் முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். பெயரைப் பதிந்து வையுங்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரிப் பகுதிகளுக்குப் பொருந்தாது. எல்லையோரக் கிராமங்களில் இருப்பவர்கள் சொந்தக்காரர் ஊரில் கிடைக்கிறதே என்று அலைவதைவிட, தங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அங்கே கேட்பது நல்லது. ஜிப்மரில் நரம்பியலோடு மறுவாழ்வு மருத்துவப் பிரிவும் உண்டு. கை இறுக்கம், காலுக்குப் பட்டை போன்றவற்றுக்கு அதைக் கேட்டுப் போங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருக்க வேண்டும். உடம்பு இன்னும் தேறிக்கொண்டிருப்பதால் ஆரம்பத்திலேயே போனால் பொறுக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

12. பார்த்துக்கொள்பவர்

இந்த வேலை ஒரே பெண்ணின் தலையில் விழுந்துவிடுவதுதான் வழக்கம். முதல் வாரத்திலேயே முறை போட்டு எழுதுங்கள்: ராத்திரி இரண்டு மணிப் புரட்டல் யார், ஆஸ்பத்திரிக்கு யார், பணம் யார். வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பினால் போதாது, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து இரவு விழிக்க வேண்டும். இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள் மூன்றாவது மாதத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்கள், அப்போது வீட்டில் நோயாளி இரண்டு பேர். விருந்தாளிகள் "நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள்.